குளிர்ப்பகுதி ஷிராஸில் மிளகு மணம் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் இரண்டு புட்டிகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்று வெப்பமான பரோசா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது, மற்றொன்று விக்டோரியா மாநிலத்தின் குளிர்ந்த கிராம்பியன்ஸ் பகுதியைச் சேர்ந்தது. இரண்டாவதன் லேபிளில் மிளகு மணக்கும் என்று எழுதியிருக்கிறது. தருமபுரியில் உங்கள் வீட்டில் நால்வர் உட்கார்ந்து ருசித்ததில் மூவருக்கு மிளகு வந்தது, உங்களுக்கு வரவில்லை. மூக்கில் குறையா, அல்லது லேபிளில் இருப்பது வெறும் விளம்பரமா என்று கேட்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், ஓசூர், தளிப் பக்கத்துக் குளிரில் இத்தகைய ஒயின் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு விஷயங்கள்: அந்த மிளகு மெய்யானதா என்பது ஒன்று, அது தெரியாத ஒருவர் குளிர்ப்பகுதி ஷிராஸையும் வெப்பப்பகுதி ஷிராஸையும் எதை வைத்துப் பிரித்தறிவது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். பெங்களூராவும் அல்போன்சாவும் கூழாகி வரும் ஒவ்வொரு சீசனிலும் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது மாதிரிகளை முகர்ந்தும் ருசித்தும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஒயின் ருசிப்பதைப் பிற்பாடு முறையாகப் பயின்றேன். அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளாக ஷிராஸ் என் தனி ஆர்வம். திராட்சைத் தோட்டத்திலோ ஒயின் ஆலையிலோ நான் வேலை செய்ததில்லை என்பதால், இங்கே சொல்வதைக் கோப்பைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் அறிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகு மெய்யானது. அதில் சந்தேகமில்லை. அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணமான பொருள் ரோட்டண்டோன் என்று கண்டறிந்து 2008-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மிளகிலும் மிளகு மணத்தைத் தரும் முக்கியமான பொருள் அதுவே. மிளகின் காரத்தைத் தரும் பைப்பரின் வேறு, அதற்கு மணம் கிடையாது. ரோட்டண்டோன் என்ற பெயர் வந்த வழி நமக்கு மிக நெருக்கமானது. அந்தப் பொருள் முதன்முதலில் சைப்பரஸ் ரோட்டண்டஸ் என்ற புல்லின் கிழங்கில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் புல் நம் வயல்களில் களையாக மண்டும் கோரை. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று பொட்டலம் கட்டித் தருவார்கள், நலங்கு மாவிலும் சேர்ப்பார்கள். நம் பாட்டிமார் குளியலறையில் வைத்திருந்த ஒரு மணத்தின் பெயரால்தான் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு ஒயினின் மணத்தை இன்று விளக்குகிறார்கள்.

அதன் அளவுதான் வியப்புக்குரியது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதை அறிந்துவிடுகிறது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நிறைய அந்த ஒயின் இருந்தாலும், அது முழுவதிலும் சேர்த்து ரோட்டண்டோன் ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அதே ஆய்வில் வேறொன்றும் தெரியவந்தது: சோதனையில் கலந்துகொண்டவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கு, ஒயினில் அல்ல, வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் வரை சேர்த்துக் கொடுத்தபோதும் எந்த மணமும் தெரியவில்லை. அதாவது ஐவரில் ஒருவருக்கு இந்த ஒரு பொருளுக்கு மட்டும் மூக்கு அடைபட்டிருக்கிறது. அவர்களுடைய மூக்கு மற்ற எல்லாவற்றுக்கும் நன்றாகவே வேலை செய்யும். ரசத்தில் மிளகு போட்டிருப்பதும் தெரியும், ஏனென்றால் மிளகில் வேறு பல எண்ணெய்களின் மணமும் உண்டு. ஆகவே ரசத்தில் மிளகு மணக்கிறது என்பதை வைத்து உங்கள் மூக்குக்கு ரோட்டண்டோன் தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. கோரைக்கிழங்கை இடித்து முகர்ந்து பார்ப்பதும் இதே காரணத்தால் உறுதியான சோதனை ஆகாது.

நீங்கள் அந்த ஐவரில் ஒருவரா என்பதை உங்கள் கேள்வியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இருக்கக்கூடும் என்பது வரைதான் உறுதி. ஏனென்றால் உங்கள் வீட்டில் மற்ற மூவரும் லேபிளைப் படித்துவிட்டே முகர்ந்திருக்கிறார்கள். எதிர்பார்ப்பு மூக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை ஆலையில் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் சுவைச் சோதனை அறையில் சிவப்பு விளக்குதான் எரியும். கூழின் நிறம் கண்ணில் பட்டுவிட்டால் ருசி பார்ப்பவர் நிறத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார். ஒருமுறை விளக்கு பழுதாகி வெள்ளை விளக்கில் சோதனை நடந்தது. நிறம் சற்று வெளிறியிருந்த ஒரு மாதிரிக்கு அறுவரில் ஐவர் இனிப்புக் குறைவு என்று எழுதினார்கள். சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் பார்த்தால் அதுவும் பக்கத்து மாதிரியும் ஒரே 15.5. அந்த ஐவரும் பொய் சொல்லவில்லை; அவர்களுடைய நாக்கு அப்படித்தான் உணர்ந்தது. உங்கள் வீட்டு மூவருக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம், நேராமலும் இருந்திருக்கலாம்.

வெப்பநிலையும் ஒரு காரணமாக இருக்கலாம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பியக் குளிர் நாடுகளின் அறைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. அங்கே அது 16 முதல் 18 டிகிரி. தருமபுரியில் ஏப்ரல் மாதத்து அறை 32 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவியாகி முதலில் மூக்கைத் தாக்கும், அதன் பின்னால் மிளகு போன்ற மெல்லிய மணங்கள் மறைந்துபோகும். புட்டியை ஃப்ரிட்ஜில் வைத்து, அந்த 16 முதல் 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்ததும் எடுத்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஷிராஸும், பிரான்சில் சிரா என்று அழைக்கப்படுவதும் ஒரே திராட்சை. ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற கதையை மரபணு ஆய்வு 1990-களின் இறுதியில் முடித்துவைத்தது. தென்கிழக்குப் பிரான்சின் துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு திராட்சைகளின் வாரிசு அது. ஜேம்ஸ் பஸ்பி 1830-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் சென்ற கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. இன்று இது பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கிலும், நியூசிலாந்தின் ஹாக்ஸ் பேயிலும், ஆஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கு, கிராம்பியன்ஸ், கான்பெரா வட்டாரம், அடிலெய்டு குன்றுகள் போன்ற குளிர்ந்த இடங்களிலும் ஒரு விதமாகவும், பரோசா, மெக்லாரன் வேல் போன்ற வெப்பமான இடங்களில் வேறு விதமாகவும் பழுக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிலர் குளிர்ப்பகுதிப் பாணியைக் குறிக்க லேபிளில் சிரா என்று போடுகிறார்கள். அது வழக்கம்தானே தவிர சட்டமல்ல, அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வேறுபாட்டின் வேர் புளிப்பில் இருக்கிறது. திராட்சை காயாக இருக்கும்போது அதில் மாலிக் அமிலம் மிகுதி. பழுக்கும் காலத்தில் கொடி அதைச் சுவாசத்துக்கு எரிபொருளாகச் செலவழிக்கிறது. இரவும் பகலும் சூடாக இருந்தால் விரைவாகச் செலவழியும், குளிர்ந்தால் மெதுவாக. சர்க்கரை ஏறும் வேகமும் அப்படித்தான். பழச்சாறு 23 பிரிக்ஸில் பறிக்கப்பட்டால் ஏறக்குறைய 13 விழுக்காடு ஆல்கஹால் வரும். 26-க்குப் போய்விட்டால் 14.5-ஐத் தாண்டும். ஆகவே குளிர்ப்பகுதி ஷிராஸ் பொதுவாக 12.5-க்கும் 14-க்கும் நடுவில் நிற்கும், பரோசா 14.5-ஐ ஒட்டி இருக்கும். விழுங்கிய பிறகு நெஞ்சுக்குழியில் பரவும் சூடு ஆல்கஹால். கடைவாயின் ஓரத்தில் எச்சில் ஊறுவது புளிப்பு. எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் நம்பத்தகுந்த முதல் அடையாளம் இதுதான், இதற்கு மிளகு முகரத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பழத்தின் நிலை. லேபிள்களில் பிளாக்பெர்ரி, பிளம் என்று எழுதுவார்கள். அவற்றை உண்டு வளராத நமக்கு அந்தச் சொற்கள் பயன்படுவதில்லை. நான் நாவல்பழத்தை அளவுகோலாக வைத்திருக்கிறேன். குளிர்ப்பகுதி ஷிராஸ், மரத்திலிருந்து அப்போதுதான் உதிர்ந்த, தோல் இறுக்கமான, கொஞ்சம் செங்காய்த் தன்மை மிச்சமிருக்கும் நாவல்பழம் போலிருக்கும். வெப்பப்பகுதி ஷிராஸ், வெயிலில் கிடந்து தளர்ந்த நாவல்பழத்தையோ, சர்க்கரை போட்டுக் காய்ச்சிய ஜாமையோ, உலர்திராட்சையையோ நினைவூட்டும். மாம்பழ விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: கிளிமூக்கைச் செங்காயாகக் கடிப்பதும் கனிந்த பிறகு கடிப்பதும் ஒரே பழம்தான், ஒரே ருசியல்ல.

துவர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக வைத்த மொழி நம்முடையது. அதைக் கசப்போடு குழப்பிக்கொள்ளாமல் கற்றுக்கொடுக்க வேறு மொழிக்காரர்கள் வகுப்பு நடத்துகிறார்கள். ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து திரிவதால் நாக்கின் மீதுள்ள வழவழப்பு போய்ப் பிடிப்பு உண்டாகிறது. அந்தப் பிடிப்பு எங்கே, எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறு முழுவதும் இழுக்கிறதா, வாழைப்பூவைப் போல நாக்கின் நடுவில் மென்மையாக நிற்கிறதா, அல்லது மாங்கொட்டைப் பருப்பைப் போலக் கரகரப்பாகத் தொண்டை வரை போகிறதா? நான் ருசித்த குளிர்ப்பகுதி ஷிராஸ்களில் துவர்ப்பு பெரும்பாலும் மெல்லிய மணலைப் போல ஈறோரம் படிந்து, புளிப்போடு சேர்ந்தே விலகும். பரோசாவில் அது பழத்தின் கனத்துக்கும் ஆல்கஹாலின் வழவழப்புக்கும் உள்ளே புதைந்து தடிமனாகத் தெரியும். இது என் கணிப்பு. ஒயின் ஆலையில் தோலை எவ்வளவு நாள் ஊறவைத்தார்கள் என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் மாறும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. கொத்தின் காம்போடு சேர்த்துப் புளிக்கவைக்கும் முறையில் காம்பிலிருந்து ஒரு பச்சை மசாலா மணம் இறங்கும். அதைப் பலர் மிளகு என்று எடுத்துக்கொள்வார்கள். ஓக் பீப்பாயிலிருந்து கிராம்பு மணமும், அமெரிக்க ஓக்காக இருந்தால் தேங்காய், வெண்ணிலா மணமும் வரும். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தொற்றினால் புகை, கிராம்பு, மாட்டுக்கொட்டில் மணம் வரும். ஆஸ்திரேலியத் தோட்டங்களின் ஓரத்தில் யூகலிப்டஸ் மரங்கள் நின்றால் அவற்றின் இலையும் எண்ணெயும் திராட்சையில் சேர்ந்து, நம் வீட்டு நீலகிரித் தைலத்தின் மணம் ஒயினில் தெளிவாக எழும். இவை எதுவும் குளிரின் அடையாளம் அல்ல. ஆல்கஹாலைத் தனியாக வைத்தும் முடிவு செய்யக் கூடாது. சிட்னிக்கு வடக்கே உள்ள ஹண்டர் பள்ளத்தாக்கு வெப்பமான இடம்தான், ஆனால் அங்கே பழத்தை முன்கூட்டியே பறிப்பதால் ஷிராஸ் 13-ஐ ஒட்டியே நிற்கும். வெப்பப்பகுதிகளில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வழக்கம் என்பதால், புளிப்பும் ஒரு முறை ஏமாற்றலாம். சேர்த்த புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ருசித்து அதை ஒவ்வொரு தடவையும் பிடிப்பவரை நான் சந்தித்ததில்லை. கருங்கல் மண்ணின் ருசி ஒயினில் நேரடியாக இறங்குகிறது என்ற பேச்சையும் நான் ஐயத்தோடுதான் கேட்கிறேன்.

ரோட்டண்டோனைப் பற்றி உறுதியாகத் தெரிந்த இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அது பழத்தின் தோலில், பழுக்கும் பருவத்தின் கடைசி வாரங்களில் சேர்கிறது. கொத்தின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் குறைகிறது. கிராம்பியன்ஸில் உள்ள மவுண்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் நடந்த ஆய்வுகளில், ஒரே கொத்தின் நிழல் பக்கத்தில் அதிகமாகவும் வெயில் பக்கத்தில் குறைவாகவும், குளிர்ந்த மழை ஆண்டுகளில் அதிகமாகவும் இருந்தது. ஆகவே உங்கள் புட்டியில் பொறித்திருக்கும் ஆண்டு முக்கியம். அதே தோட்டத்தின் வெப்பமான ஆண்டு ஒயினில், கூர்மையான மூக்குக்குக்கூட மிளகு மங்கலாகவே இருக்கும்.

ஓசூர், தளிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. திராட்சை வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 13 முதல் 15 டிகிரி இருந்தால் குளிர்ப்பகுதி, 15 முதல் 17 வரை இடைநிலை என்பது பரவலாகப் பயன்படும் ஒரு பகுப்பு; ஷிராஸைப் பொறுத்தவரை குளிர் என்று பேசுவது பெரும்பாலும் இந்த இடைநிலையைத்தான். ஓசூரின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மேலும் தக்காணத்தில் பழம் பிப்ரவரி, மார்ச்சில், வெயில் ஏறும்போது பழுக்கிறது; பிரான்சிலோ விக்டோரியாவிலோ வெயில் இறங்கும்போது பழுக்கிறது. நம் பக்கத்தில் நல்ல ஷிராஸ் வரலாம், குளிர்ப்பகுதி ஷிராஸ் வராது.

உங்கள் புட்டிகள் வந்த வழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மே மாதத்தில் பெங்களூரிலிருந்து பேருந்தில், என்ஜினுக்குப் பக்கத்து இருக்கைக்கு அடியில், ஒரு வட ரோன் புட்டியை நானே வைத்துக்கொண்டு வந்தேன். கிருஷ்ணகிரியில் இறங்கிப் பார்த்தபோது கார்க் தீக்குச்சி மருந்தின் உயரத்துக்கு மேலே எழும்பி, வாய் ஓரத்தில் ஒயின் கசிந்து பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. திறந்தால் காய்ச்சிய உலர்திராட்சை மணம்தான் வந்தது, பழத்தின் புதுமை முழுவதும் போயிருந்தது. லேபிள் இல்லாமல் கொடுத்திருந்தால் வெப்பப்பகுதி ஒயின் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். சூடு பட்ட புட்டியை வைத்துத் தட்பவெப்பத்தை ஒப்பிட முடியாது. அதேபோல, நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் அது கார்க்கில் உண்டாகும் கேடு. அந்தப் புட்டியையும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு புட்டிகளிலும் மிச்சம் இருந்தாலோ, அதே ஒயின் மறுபடி கிடைத்தாலோ, இப்படிச் செய்து பாருங்கள். காலை பதினோரு மணி, சாப்பாட்டுக்கு முன். அன்று காலை ஃபில்டர் காபியும் வெற்றிலையும் வேண்டாம். அறையில் ஊதுபத்தி, மல்லிகைச் சரம், சமையலறைத் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு ஒயினையும் ஒரே அளவு குளிரவையுங்கள். ருசிக்காத ஒருவர் வேறு அறையில், ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் கோப்பைகளில், இரண்டில் ஒரு ஒயினும் மூன்றாவதில் மற்றதுமாக நான்கு விரற்கடைக்கும் குறைவாக ஊற்றி, அடியில் மூன்று இலக்க எண் எழுதிக் கொண்டுவரட்டும். எது தனித்தது என்று மட்டும் சொல்லுங்கள். வாயில் சுழற்றிவிட்டுத் துப்புங்கள். விழுங்கினால் மூன்றாம் சுற்றிலேயே நாக்கு மழுங்கும். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பைகளின் வரிசையை மாற்றி ஐந்து சுற்று நடத்துங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஐந்தில் நான்கு தடவை குருட்டுத்தனமாகச் சரியாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்புதான். எனவே நான்கு சரியென்றால், மிளகு தெரியாவிட்டாலும், உங்களால் இந்த இரண்டு ஒயின்களையும் பிரித்தறிய முடிகிறது.

அதன் பிறகு மிளகுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை வையுங்கள். இந்தத் தடவை மூவரையும் உங்களையும் சேர்த்து, லேபிளைக் காட்டாமல், வாயில் வைக்காமல், முகர்ந்து மட்டும் எந்தக் கோப்பையில் மிளகு என்று தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மூவரும் சுற்றுக்குச் சுற்று கிராம்பியன்ஸ் கோப்பையையே குறித்து, நீங்கள் மட்டும் மாறி மாறிக் குறித்தால், ரோட்டண்டோன் உங்கள் மூக்குக்கு எட்டவில்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். மூவரும் ஆளுக்கொரு கோப்பையைக் குறித்தால், அன்றைக்கு அவர்களுக்கு வந்தது லேபிளின் மிளகு.